சின்னக் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க்கின் மின்செலவைக் கட்டுப்படுத்துவது எப்படி: மலைத் தோட்டங்களில் புதிதாகப் பொருத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

கம்பத்திலிருந்து குமுளி வழியாகவோ கம்பமெட்டு வழியாகவோ ஏறி வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் போனால், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களிலும் எடை போடும் அறைகளிலும் உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர்களைக் காணலாம். கேமராப் பதிவைச் சேமிப்பது, உலர்த்தும் அறையின் வெப்பத்தைக் குறித்து வைப்பது, எடைக் கணக்கை வைத்திருப்பது போன்ற வேலைகளை அவை செய்கின்றன. ஆனி, ஆடி மாதங்களில் சாரலும் காற்றும் வலுத்தால் மரக்கிளை முறிந்து கம்பியில் விழுகிறது. கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அந்த நேரத்தில் எல்லாச் சுமையும் இன்வெர்ட்டர் பேட்டரியின் மேல் விழுகிறது. சோலார் மட்டுமே உள்ள ஸ்டோர்களில், மூட்டம் போட்ட நாட்களில் பேட்டரிக்குள் வருவதைவிட அதிலிருந்து போவதே மிகுதியாக இருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க்கை எப்படி இணைப்பது, எப்போது ஓய்வில் வைப்பது, கரண்ட் போகும்போது அதை எப்படிக் காப்பாற்றுவது என்பதை, இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பின்பற்றக்கூடிய வரிசையில் இங்கே எழுதுகிறேன். லினக்ஸ் ஓடும் ராஸ்பெர்ரி பை போன்ற போர்டு ஒன்று உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி: டிஸ்க் தேவைதானா என்று கணக்குப் போடுங்கள்

நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் குறித்து வைக்கும் கருவிக்கு, ஒரு குறிப்பு 50 பைட் என்று கொண்டால், ஒரு நாளைக்கு 72 கிலோபைட்டும் ஓர் ஆண்டுக்கு 26 மெகாபைட் அளவும் ஆகும். இதற்கு ஹார்ட் டிஸ்க் வாங்குவது வீண் செலவு. நல்ல தரமான மெமரி கார்டே போதும். ஆனால் 2 மெகாபிட் வேகத்தில் ஓடும் ஒரு கேமரா, நிறுத்தாமல் பதிந்தால், நாளொன்றுக்கு 21.6 ஜிகாபைட்டை நிரப்பும். 1 டெராபைட் டிஸ்க் 46 நாளில் நிறையும். நான்கு கேமரா இருந்தால் பதினொரு நாள்தான் தாங்கும். அந்த இடத்தில்தான் ஹார்ட் டிஸ்க்குக்கு வேலை. சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி வாங்க வசதி இருந்தால் அதையே வாங்குங்கள்; இந்தக் கட்டுரையின் பாதிச் சிக்கல்கள் அப்போது எழவே எழாது.

டிஸ்க்தான் வேண்டும் என்று முடிவானால், அடுத்த கேள்வி 2.5 அங்குலமா, 3.5 அங்குலமா என்பது. மேசைக் கம்ப்யூட்டரில் இருக்கும் 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட், 5 வோல்ட் ஆகிய இரண்டும் வேண்டும். சும்மா சுழன்றுகொண்டிருந்தாலே 4 முதல் 6 வாட் வரை இழுக்கும். லேப்டாப்பில் இருக்கும் 2.5 அங்குல டிஸ்க்குக்கு 5 வோல்ட் மட்டும் போதும். சும்மா சுழலும்போது 1 வாட்டை ஒட்டியும், எழுதும்போது 2 வாட்டை ஒட்டியும் எடுக்கும். 5 வாட் டிஸ்க் ஒன்று 24 மணி நேரம் சுழன்றால் 120 வாட்-அவர் ஆகிறது. மின்னழுத்தத்தை மாற்றும் கருவியின் இழப்பையும் சேர்த்தால் 140 வரும். 12 வோல்ட், 100 ஏஎச் (ஆம்பியர்-அவர்) லெட்-ஆசிட் பேட்டரியின் கொள்ளளவு 1200 வாட்-அவர் என்றாலும், பேட்டரி கெடாமல் இருக்க அதில் பாதியைத்தான் பயன்படுத்தலாம். ஆக, ஒரே ஒரு 3.5 அங்குல டிஸ்க் அந்த 600-இல் ஏறக்குறைய கால் பங்கைத் தின்றுவிடும். சோலாரில் ஓடும் ஸ்டோருக்கு 2.5 அங்குலத்தைத் தவிர வேறொன்றை நான் பரிந்துரைப்பதில்லை.

இரண்டாம் படி: சுழலத் தொடங்கும் கணத்துக்குத் தக்க மின்சாரம் கொடுங்கள்

டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் அச்சிட்ட ஆம்பியரைப் பார்த்து அடாப்டர் வாங்குபவர்கள் பலர். டிஸ்க்குக்குள் தரவைத் தாங்கி நின்றிருக்கும் தட்டுகள் சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில்தான் டிஸ்க் மிகுதியாக மின்சாரம் கேட்கிறது. 2.5 அங்குல டிஸ்க் அப்போது 5 வோல்ட்டில் 1 ஆம்பியர் வரையிலும், 3.5 அங்குல டிஸ்க் 12 வோல்ட்டில் 2 ஆம்பியரை ஒட்டியும் எடுக்கும். யூஎஸ்பி 2.0 துளையின் வரம்பு 500 மில்லி ஆம்பியர், 3.0 துளையின் வரம்பு 900 மில்லி ஆம்பியர் என்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். ராஸ்பெர்ரி பை 4-இல் நான்கு துளைகளுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான் கிடைக்கும். பை 5-இல் 5 ஆம்பியர் அடாப்டர் மாட்டினால் 1.6 ஆம்பியர் வரை கொடுக்கும். 3 ஆம்பியர் அடாப்டர் மாட்டினால் அதுவே 600 மில்லி ஆம்பியராகக் குறைத்துக்கொள்ளும். ஒரு டிஸ்க் என்றால் எப்படியோ ஓடிவிடும், இரண்டாவதை மாட்டியதும் இரண்டுமே தடுமாறும். தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்றை இடையில் வைப்பதே இதற்கு நேரான வழி.

அடாப்டர் சரியாக இருந்தும் கேபிள் கெடுப்பதுண்டு. வண்டன்மேட்டுப் பக்கத்து ஸ்டோர் ஒன்றிலிருந்து அங்கிருக்கும் பையன் போன் செய்து, "அண்ணே, பெட்டிக்குள்ள பல்லி கத்துற மாதிரி டிக், டிக்னு சத்தம் வருதுண்ணே, பதிவு எதுவும் காணோம்" என்றான். டிஸ்க் போய்விட்டது என்றுதான் எவருக்கும் தோன்றும். "தம்பி, அந்த நீளமான கேபிளைக் கழற்றிட்டுக் குட்டை கேபிளைப் போட்டுப் பாரு" என்றதும் சத்தம் நின்றது. இதன் கணக்கு எளிது. மெல்லிய யூஎஸ்பி கேபிளில் 28 ஏடபிள்யூஜி (கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்) கம்பி இருந்தால், 1 மீட்டருக்குப் போகவர 0.43 ஓம் தடை இருக்கும். 1 ஆம்பியர் ஓடும்போது 0.43 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். அடாப்டரில் 5.0 வோல்ட் இருந்தாலும் டிஸ்க்குக்கு 4.57 வோல்ட்தான் போய்ச் சேரும். டிஸ்க் தாங்கக்கூடிய வரம்போ பொதுவாக 5 சதவீதம், அதாவது 4.75 வோல்ட். தட்டு பாதி வேகம் எடுத்ததும் அழுத்தம் சரிய, டிஸ்க் தன்னை நிறுத்திக்கொண்டு மறுபடி தொடங்கப் பார்க்கிறது. டிக், டிக் என்பது அந்த முயற்சியின் சத்தம். எனவே மல்டிமீட்டரை அடாப்டர் முனையில் வைக்காமல் டிஸ்க்கின் முனையில், அது சுழலத் தொடங்கும் நேரத்தில் வைத்துப் பாருங்கள். அரை மீட்டருக்குக் குறைவான, தடித்த கம்பியுள்ள கேபிளை வாங்குங்கள்.

3.5 அங்குல டிஸ்க்கை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து நேராக இணைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். கூடாது. லெட்-ஆசிட் பேட்டரியின் அழுத்தம் சார்ஜ் ஏறும்போது 14.4 வரையும், இறங்கும்போது 11-க்குக் கீழேயும் போய்வரும்; டிஸ்க்கோ 12 வோல்ட்டிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் விலகினால் பொறுக்காது. கூட்டவும் குறைக்கவும் வல்ல டிசி கன்வெர்ட்டர் ஒன்று இடையில் கட்டாயம் வேண்டும்.

மூன்றாம் படி: டிஸ்க்கை எழுப்புவது யார் என்று கண்டுபிடியுங்கள்

புதிதாக வருபவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராக ஓய்வு நேரத்தை அமைக்கப் போய்விடுகிறார்கள். டிஸ்க்கைத் தூங்க வைக்க ஒரே ஒரு கட்டளை போதும். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஏதோ ஒரு நிரல் அதைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தால், ஓயாமல் சுழல்வதைவிட அது டிஸ்க்குக்குக் கேடு.

ஹார்ட் டிஸ்க்குக்கு நான்கு நிலைகள் உண்டு. எழுதும் அல்லது படிக்கும் நிலை ஒன்று. தட்டு சுழன்றபடி வேலையின்றி இருக்கும் ஐடில் நிலை ஒன்று. தட்டு நின்று, மின்னணுப் பலகை மட்டும் விழித்திருக்கும் ஸ்டாண்ட்பை நிலை ஒன்று. ரீசெட் கொடுத்தால்தான் எழும் ஸ்லீப் நிலை ஒன்று. நமக்கு வேண்டியது ஸ்டாண்ட்பை. 2.5 அங்குல டிஸ்க் அந்த நிலையில் 0.2 வாட்டுக்குள் அடங்கிவிடும். இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை எச்டிபார்ம் (hdparm) என்ற கட்டளையில் பெரிய எழுத்து சி தெரிவைக் கொடுத்துக் கேட்கலாம். அப்படிக் கேட்பதால் டிஸ்க் பொதுவாக எழுந்துவிடாது.

கேமரா நிரலை நிறுத்திவிட்டு, ஃபேட்ரேஸ் (fatrace) என்ற கருவியை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடுகிறது என்று அது வரிவரியாகக் காட்டும். வழக்கமாக அகப்படுபவர்கள் சிலரே. கணினியின் நிகழ்வுக் குறிப்புகளை எழுதும் ஜர்னல்டி முதலாவது. அதன் அமைப்புக் கோப்பில் சேமிப்பிடத்தை வாலட்டைல் என்று மாற்றினால் குறிப்புகள் ரேமோடு நின்றுவிடும். ரேம் போதாதபோது பயன்பட டிஸ்க்கில் வைத்த ஸ்வாப் இடம் இரண்டாவது, அதை எடுத்துவிடுங்கள். இரவில் எல்லாக் கோப்புகளின் பெயரையும் தேடித் தொகுக்கும் அப்டேட்டிபி மூன்றாவது. டிஸ்க் இருக்கும் கோப்புறையை அதன் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். நான்காவது, டிஸ்க்கின் நலத்தைப் பார்க்க என்றே வைத்த ஸ்மார்ட்-டி (smartd) நிரல். காவலுக்கு வைத்தவரே தூக்கத்தைக் கெடுப்பது வேடிக்கைதான். அதன் அமைப்புக் கோப்பில் சிறிய எழுத்து என் (-n) தெரிவுடன் ஸ்டாண்ட்பை என்று எழுதினால், தூங்கும் டிஸ்க்கை அது தொடாமல் விட்டுவிடும்.

டிஸ்க்கை மவுண்ட் செய்யும், அதாவது ஒரு கோப்புறையாக இணைக்கும், வரியில் நோஏடைம் (noatime) என்பதைச் சேருங்கள்; இல்லையென்றால் ஒரு கோப்பைப் படித்தாலும், படித்த நேரத்தைக் குறிக்க ஓர் எழுத்து வேலை பிறக்கக்கூடும். இயங்குதளத்தை இந்த டிஸ்க்கிலேயே வைக்க வேண்டாம். அது மெமரி கார்டில் இருக்கட்டும். டிஸ்க்கில் தரவு மட்டும் இருக்கட்டும்.

நான்காம் படி: எழுதுவதைச் சேர்த்து வைத்து, மொத்தமாக எழுதுங்கள்

எழுப்புபவர்களை அடக்கிய பின் மிஞ்சுவது நம்முடைய சொந்த வேலை. கேமரா இடைவிடாமல் பதிய வேண்டும் என்றால், டிஸ்க்கை நிறுத்தும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். அது சுழன்றுகொண்டே இருப்பதுதான் அதற்கு நல்லது. ஆள் நடமாட்டம் தெரிந்தால் மட்டும் பதியும் அமைப்பு என்றால், துண்டுப் படங்களை முதலில் ரேமிலேயே இருக்கும் டிஎம்பிஎஃப்எஸ் (tmpfs) வகைக் கோப்புறையிலோ மெமரி கார்டிலோ விழவிட்டு, குறித்த நேரத்தில் அல்லது குறித்த அளவு நிறைந்ததும் ஒரே மூச்சில் டிஸ்க்குக்கு மாற்றலாம். 2 மெகாபிட் கேமரா நிமிடத்துக்கு 15 மெகாபைட் எழுதும் என்பதால், 450 மெகாபைட் ஒதுக்கினால் ஒரு கேமராவின் அரை மணி நேரப் பதிவு அதில் கொள்ளும். மணிக்கு ஒரு முறை டிஸ்க்கை எழுப்பி, இரண்டு நிமிடத்தில் மாற்றி முடித்து, மறுபடி தூங்க விடுவது பெரும்பாலான ஸ்டோர்களுக்குப் பொருந்துகிறது. ரேமில் இருப்பது கரண்ட் போனால் அழிந்துவிடும் என்ற ஆபத்து இதில் உண்டு. அதற்கான ஏற்பாடு ஆறாம் படியில் வருகிறது.

ஐந்தாம் படி: ஓய்வு நேரத்தை அமையுங்கள்

டிஸ்க்கை நிறுத்தி மறுபடி சுழலவிடுவதற்கும் மின்சாரம் செலவாகிறது. 3.5 அங்குல டிஸ்க் 12 வோல்ட்டில் 2 ஆம்பியரைப் பத்து நொடி எடுத்தால் 240 ஜூல். நிறுத்தி வைப்பதால் மிச்சமாவது 4 வாட் என்றால், ஒரு நிமிடம் நின்றாலே அந்தச் செலவு ஈடாகிவிடும். 2.5 அங்குலத்துக்கு இன்னும் குறைந்த நேரமே போதும். இதைப் பார்த்துவிட்டு ஓய்வு நேரத்தை ஒரு நிமிடம் என்று வைத்துவிடாதீர்கள். பேட்டரிக் கணக்கு ஒரு நிமிடத்தில் ஈடானாலும் தேய்மானக் கணக்கு ஈடாகாது. பல டிஸ்க்குகள் 50,000 முறை தொடங்கி நிற்கும்படி வடிவமைக்கப்பட்டவை. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நின்று எழுந்தால் நாளொன்றுக்கு 144 முறை. ஓர் ஆண்டு முடியுமுன் அந்த வரம்பைத் தொட்டுவிடும். மணிக்கு ஒரு முறை என்றால் ஐந்தரை ஆண்டுக்கு மேல் வரும். எழுப்பும் இடைவெளியை முதலில் தீர்மானித்து, ஓய்வு நேரத்தை அதற்கேற்ப வைக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

எச்டிபார்ம் கட்டளையில் பெரிய எழுத்து எஸ் தெரிவில் ஓர் எண் கொடுத்தால் டிஸ்க்கே தன் ஓய்வு நேரத்தைப் பார்த்துக்கொள்ளும். 1 முதல் 240 வரை உள்ள எண்கள் ஐந்து ஐந்து நொடிகளைக் குறிக்கும். 120 என்றால் பத்து நிமிடம், 240 என்றால் இருபது நிமிடம். 241-இலிருந்து கணக்கு மாறி அரை மணி நேர அலகாகிவிடும். 241 அரை மணி, 242 ஒரு மணி. மணிக்கு ஒரு முறை எழுப்பும் அமைப்புக்கு 60, அதாவது ஐந்து நிமிடம், பொருத்தமாக இருக்கும். கம்ப்யூட்டர் மறுபடி தொடங்கும்போது இந்த அமைப்பு மறந்துபோகாமல் இருக்க, எட்சி கோப்புறையில் உள்ள எச்டிபார்ம் அமைப்புக் கோப்பில் எழுதி வையுங்கள். அங்கே டிஸ்க்கின் பெயரை எஸ்டிஏ என்று எழுதாமல், அடையாள எண்ணுள்ள பாதையைக் கொடுங்கள். இரண்டு டிஸ்க் இருந்தால் அடுத்த முறை பெயர் மாறிக்கொள்ளக்கூடும்.

பெரிய எழுத்து பி தெரிவு இன்னொரு வகை. அதில் 1 முதல் 127 வரை கொடுத்தால் டிஸ்க் தானாக நின்றுகொள்ளலாம் என்றும், 128 முதல் 254 வரை கொடுத்தால் நிற்கக் கூடாது என்றும் பொருள். தட்டு சுழன்றுகொண்டிருக்கும்போதே படித்து எழுதும் முனையான ஹெட்டை மட்டும் ஓரமாக ஒதுக்கி வைக்கும் பழக்கம் லேப்டாப் டிஸ்க்குகளுக்கு உண்டு. சில வகைகள் எட்டு நொடி வேலை இல்லையென்றாலே ஒதுக்கிவிடும். அரை நிமிடத்துக்கு ஒரு முறை ஒதுக்கினால் நாளொன்றுக்கு 2,880 முறை. 3,00,000 முறை தாங்கும் என்று சொல்லி விற்ற டிஸ்க் 104 நாளில் அந்த எண்ணிக்கையைக் கடந்துவிடும். அப்படிப்பட்ட டிஸ்க்குக்கு பி தெரிவில் 254 கொடுத்துப் பாருங்கள்.

யூஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க்குக்கு இந்தக் கட்டளைகள் எட்டாமல் போவதுண்டு. இடையில் உள்ள சிப் அவற்றை உள்ளே அனுப்புவதில்லை. எச்டிபார்ம் பதிலில் அன்நோன் என்று வந்தால் அதுதான் காரணம். அப்போது எச்டி-ஐடில் (hd-idle) என்ற சிறு நிரலை நிறுவுங்கள். டிஸ்க்கின் போக்குவரத்தை அது வெளியிலிருந்தே கவனித்து, குறித்த நேரம் அமைதியாக இருந்தால் நிற்கச் சொல்லும். தானாக அது வைத்திருக்கும் நேரம் 600 நொடி.

ஆறாம் படி: கரண்ட் போவதை டிஸ்க்குக்கு முன்கூட்டியே தெரியப்படுத்துங்கள்

மின்சாரம் திடீரென்று அறுந்தால், சுழலும் தட்டின் வேகத்திலிருந்தே சிறிது மின்சாரம் எடுத்து ஹெட்டைப் பாதுகாப்பான இடத்துக்கு இழுத்துக்கொள்ளும் ஏற்பாடு டிஸ்க்குக்குள் உண்டு. அது அவசரத்துக்கு உள்ளது. தினமும் பயன்படுத்துவதற்கு அல்ல. அதோடு, எழுதிக்கொண்டிருந்த கோப்பை அந்த ஏற்பாடு காப்பாற்றாது.

இன்வெர்ட்டர் இருக்கும் ஸ்டோரில் கரண்ட் போனது கம்ப்யூட்டருக்கே தெரியாது என்பதுதான் சிக்கல். இதற்கு மலிவான வழி ஒன்று இருக்கிறது. இன்வெர்ட்டருடன் சேராத, நேர் லைனில் உள்ள பிளக்கில் பழைய 5 வோல்ட் போன் சார்ஜர் ஒன்றை மாட்டி, அதன் வெளியீட்டை 10 கிலோ ஓம், 20 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டின் வழியே பிரித்து, 20 கிலோ ஓமின் மேல் கிடைக்கும் 3.3 வோல்ட்டை போர்டில் சிக்னல் வாங்கும் ஜிபிஐஓ பின்னுக்குக் கொடுங்கள். கிரவுண்ட் இரண்டும் இணைந்திருக்க வேண்டும். ரெசிஸ்டர் இல்லாமல் 5 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் அந்தப் பின் எரிந்துவிடும். பின் தாழ்ந்தால் லைன் போய்விட்டது என்று அறிந்து, ரேமில் உள்ளதை உடனே டிஸ்க்குக்கு மாற்றும் நிரலை ஓடவிடலாம். இரண்டு நொடியில் திரும்பி வரும் கரண்டுக்கெல்லாம் பதறாமல் இருக்க, முப்பது நொடி பொறுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். இன்வெர்ட்டரே இல்லாத ஸ்டோரில் இந்தப் பொறுமைக்கு இடமில்லை. போர்டுக்கென்று சிறிய பேட்டரி யூபிஎஸ் வையுங்கள், இல்லையேல் ரேமில் சேர்த்து வைக்கும் முறையை விட்டுவிடுங்கள்.

பேட்டரி தாழ்ந்து எல்லாவற்றையும் நிறுத்த வேண்டி வந்தால் வரிசை முக்கியம். பதியும் நிரலை நிறுத்தி, எழுதாமல் மிஞ்சியதை எழுத சிங்க் கொடுத்து, டிஸ்க்கைக் கோப்புறையிலிருந்து பிரிக்க யூமவுண்ட் செய்து, எச்டிபார்ம் கட்டளையின் சிறிய எழுத்து ஒய் தெரிவால் தட்டை நிறுத்தி, பத்து நொடி பொறுத்து, அதன் பின்னரே மின்சாரத்தை அறுக்க வேண்டும். நாளுக்கு ஒரு முறை மட்டும் நகல் எடுக்கும் 3.5 அங்குல டிஸ்க்கை ரிலே வைத்து முழுவதுமாக அணைப்பது பயனுள்ளதுதான். 12 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் சேர்த்தே அறுங்கள், மறுபடி கொடுத்ததும் இருபது நொடி கழித்து மவுண்ட் செய்யுங்கள். 2.5 அங்குல டிஸ்க்குக்கு இந்த ஏற்பாடு தேவையில்லை.

வைக்கும் இடத்தைப் பற்றி

உலர்த்தும் அறையின் சூடு 50 டிகிரியை ஒட்டிப் போகும், பச்சைக் காயிலிருந்து வெளியேறும் ஈரமும் அங்கேயே இருக்கும். பெரும்பாலான டிஸ்க்குகளின் வரம்பு 60 டிகிரிதான்; பெட்டிக்குள் அது எளிதில் எட்டிவிடும். டிஸ்க் எடை அறையிலோ கணக்கு எழுதும் அறையிலோ இருக்கட்டும். மூட்டம் இறங்கும் இரவில் முழுவதுமாக அணைத்த டிஸ்க் குளிர்ந்துபோய் அதன் மேல் ஈரம் படியக்கூடும். எனவே மழைக்காலத்தில் அணைப்பதைவிட ஸ்டாண்ட்பையில் விடுவதையே நான் விரும்புகிறேன்; பலகையின் இளஞ்சூடு கொஞ்சம் காப்பாற்றும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு, மாதம் ஒரு முறை மாற்றுங்கள்.

ஏழாம் படி: எண்களைக் குறித்து வையுங்கள்

ஸ்மார்ட்-சிடிஎல் (smartctl) கட்டளையை ஓட்டினால் டிஸ்க் தன் வரலாற்றைச் சொல்லும். எண் 4 எத்தனை முறை தொடங்கி நின்றது என்பதையும், எண் 9 எத்தனை மணி நேரம் மின்சாரத்தில் இருந்தது என்பதையும், எண் 192 எத்தனை முறை மின்சாரம் அறுந்து ஹெட்டை அவசரமாக இழுத்தது என்பதையும், எண் 193 எத்தனை முறை ஹெட்டை ஒதுக்கியது என்பதையும் காட்டும். பொருத்திய அன்று இவற்றை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் உள்மூடியில் ஒட்டுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். மணிக்கு ஒரு முறை எழுப்பும் அமைப்பில் எண் 4 வாரத்துக்கு 170-ஐ ஒட்டித்தான் ஏற வேண்டும். ஆயிரம் ஏறியிருந்தால், அடங்காத நிரல் ஒன்று இன்னும் இருக்கிறது. ஃபேட்ரேஸை மறுபடி ஓட்டுங்கள். எண் 193 மட்டும் தனியாகப் பாய்ந்திருந்தால் பி தெரிவின் எண்ணை உயர்த்துங்கள். எண் 192 ஏறினால், இன்வெர்ட்டர் பேட்டரியையும் டிஸ்க்குக்கு வரும் பிளக்கின் பிடிப்பையும் பாருங்கள்; ஸ்டோரில் பெருக்குபவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் விளக்கைச் சொருகுகிறாரா என்றும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.